சோலாரா, ஃபேனா, ஏசியா: மட்டக்களப்பு வீடொன்று முதலில் எதை மாற்றுவது?

கையில் ஒரு தொகை சேர்ந்திருக்கிறது. வெள்ளாமை விற்ற காசாக இருக்கலாம், கட்டாரில் இருந்து மகன் அனுப்பியதாக இருக்கலாம், சீட்டு எடுத்த பணமாகவும் இருக்கலாம். கரண்ட் பில் குறைய வேண்டும்; அதோடு வீட்டு மின்பாவனையின் காபன் அடிச்சுவடும் சுருங்கினால் நல்லது என்று நினைக்கிற குடும்பம். வழிகள் நாலைந்து இருக்கின்றன. கூரையில் சோலார் போடலாம். பழைய ஃபேன்களையோ ஃபிரிட்ஜையோ மாற்றலாம். கச்சான் காற்று வீசும் காலத்துச் சூட்டுக்கு இன்வேர்ட்டர் ஏசி வாங்கலாம். கேஸை விட்டுக் கரண்ட் அடுப்புக்குப் போகலாம். கடைக்காரரைக் கேட்டால் தன் கடையில் இருப்பதைச் சொல்வார். சோலார் கம்பனிக்காரர் பில் பூச்சியம் என்பார். அதில் பொய் இல்லை. ஆனால் பில் பூச்சியமான வீட்டிலும் இரவு முழுக்க ஃபேன் சுற்றத்தான் செய்கிறது. அந்தக் கரண்ட் எங்கோ எரிந்துதான் வருகிறது.

கணக்குப் பார்க்க ஒரு வீடு வேண்டும். ஆரையம்பதியிலோ களுவாஞ்சிக்குடியிலோ நாலு பேர் வாழும், ஏசி இல்லாத ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 80 வாட் ஃபேன்கள் மூன்று, ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து மணித்தியாலம் சுற்றினால் மாதம் 72 யூனிட். பத்து வருடப் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று 36 யூனிட். டிவியும் ரைஸ் குக்கரும் தலா பத்து. தண்ணி மோட்டர் எட்டு. எல்ஈடி பல்புகள் எல்லாம் சேர்ந்து ஏழு. வைஃபை ரவுட்டர் அதுவும் ஏழு, ஏனென்றால் அதை யாரும் நிறுத்துவதில்லை. அயன் ஆறு. கூட்டினால் 156. இந்தப் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது ஃபேன். பாதிக் கரண்ட் கிட்டத்தட்ட காற்றுக்கே போகிறது. லைட்டை அணை, லைட்டை அணை என்று பிள்ளைகளைச் சத்தம் போடும் வீடுகளில் லைட்டின் பங்கு இருபதில் ஒன்றுகூட இல்லை.

இனி இந்த 156 யூனிட்டுக்குள் எவ்வளவு புகை, அதாவது காபனீரொட்சைட்டு, இருக்கிறது? காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2014 இல் வெளியிட்ட அறிக்கையில், நிலையம் கட்டுவது முதல் எரிபொருள் தோண்டுவது வரை எல்லாம் சேர்த்து ஒரு யூனிட்டுக்குக் கொடுத்த நடுமதிப்புகள் இவை: நிலக்கரிக்கு 820 கிராம் காபனீரொட்சைட்டு, இயற்கை வாயுவுக்கு 490, கூரைச் சோலாருக்கு 41, நீர்மின்னுக்கு 24. நமது நாட்டில் இவை கலந்து வருகின்றன. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என்று மலைநாட்டு நீர். டீசலிலும் உலை எண்ணெயிலும் ஓடும் நிலையங்கள். கொஞ்சம் காற்று, கொஞ்சம் வெயில். ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்து, ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். மழை நல்ல ஆண்டில் இது குறையும், வரட்சியில் கூடும். அப்படிப் பார்த்தால் நமது வீடு மாதத்துக்கு 78 கிலோ, வருடத்துக்கு 900 கிலோவுக்கு மேல் வெளிவிடுகிறது.

அம்பாறைப் பக்கத்து நண்பர்கள் சிலர் தங்கள் கரண்ட் இங்கினியாகலைத் தண்ணீரில் இருந்து வருவதாக நம்புகிறார்கள். சேனாநாயக்க சமுத்திரத்து அணைக்கட்டின் அந்த நிலையம் சுமார் 11 மெகாவாட் மட்டும்தான். அதுவும் தேசிய வலையமைப்பில்தான் கலக்கிறது. வவுணதீவில் வயலுக்கு நடுவே பெனல் விரித்த சூரிய நிலையமும் அப்படித்தான். ஊருக்குப் பக்கத்தில் விளைகிற கரண்ட் என்பதற்காக நம் மீற்றருக்கு நேராக வந்து இறங்குவதில்லை.

எந்த நேரத்து யூனிட்?

அரைக் கிலோ என்ற சராசரி வசதியானது. வாங்கும்போது அதை மட்டும் நம்பினால் தவறான பக்கம் சாய்வோம். மீற்றருக்கு எல்லா யூனிட்டும் ஒன்று. எரிகிற பொருளுக்கு அப்படி இல்லை.

நடுச்சாமம் இரண்டு மணிக்கு நாடு தூங்குகிறது, தேவை குறைவு. ஆனால் நிலக்கரி நிலையத்தை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே இரவுக் கரண்டில் நிலக்கரியின் பங்கு பெரிது. மாலை ஆறரையில் இருந்து பத்தரை வரை உச்ச நேரம். மின்சார சபையின் நேரவாரிக் கட்டணத்திலும் அந்த நாலு மணித்தியாலத்துக்குத்தான் விலை அதிகம். அப்போது அணைகளைத் திறப்பார்கள். அதுவும் போதாவிட்டால் எண்ணெய் நிலையங்களை இயக்குவார்கள். நன்பகலிலோ இப்போது நாடு முழுக்கக் கூரைகளில் இருந்து கரண்ட் கொட்டுகிறது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடு முழுவதும் கரண்ட் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். குரங்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். தேவை குறைந்த ஞாயிறு பகலில் சோலாரின் பங்கு மிக அதிகமாக இருந்ததால் வலையமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்பது அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது. அதே ஆண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகல் நேரத்தில் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது.

ஆக, இரவில் செலவழிக்கும் ஒரு யூனிட்டும் பகல் பன்னிரண்டு மணிக்கு உற்பத்தி செய்யும் ஒரு யூனிட்டும் பில்லில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். புகையில் அப்படியே கழியாது. கீழே வருகிற ஒப்பீடு முழுவதையும் நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

ஃபேனும் ஃபிரிட்ஜும்

பிஎல்டிசி மோட்டர் (எலக்ட்ரோனிக் போர்ட்டால் இயங்கும், கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டர்) உள்ள ஃபேன் முழு வேகத்தில் ஏறக்குறைய 32 வாட் எடுக்கும். மூன்றையும் மாற்றினால் மாதம் 43 யூனிட் குறையும். சராசரிக் கணக்கில் வருடத்துக்கு 260 கிலோ. அதில் பெரும்பகுதி படுக்கை அறை ஃபேன், அதாவது இரவு. நிலக்கரிப் பங்கு கூடிய யூனிட்டைத்தான் அது குறைக்கிறது. விலை சாதாரண ஃபேனை விடக் கூடத்தான். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரோடு இதைச் சேர்த்து மாட்டக் கூடாது. ரிமோட்டில் அல்லது தனி சுவிட்சில்தான் ஓட்ட வேண்டும். அடுத்தது, உள்ளே இருப்பது எலக்ட்ரோனிக் போர்ட். லைனின் கடைசியில் இருக்கிற, வோல்டேஜ் ஏறி இறங்குகிற, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களில் அந்தப் போர்ட்தான் முதலில் போகும். உத்தரவாதக் காலத்தைப் பார்த்து வாங்குங்கள். மூன்றையும் ஒரேயடியாக மாற்றக் காசு இல்லையென்றால் அதிக நேரம் சுற்றும் ஒன்றை மாற்றினாலே போதும். விருந்தினர் அறை ஃபேன் பழையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஃபிரிட்ஜ் வேறு கதை. நாளுக்கு 1.2 யூனிட் எடுப்பதை விட்டு 0.7 எடுக்கும் இன்வேர்ட்டர் ஃபிரிட்ஜுக்குப் போனால் மாதம் 15 யூனிட் மிச்சம், வருடத்துக்கு 90 கிலோ. புதியதைச் செய்யவும் இரும்பு, பிளாஸ்டிக், கரண்ட் எல்லாம் செலவாகியிருக்கிறது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜைத் தூக்கிப்போட நான் சொல்ல மாட்டேன். கதவு ரப்பரை மாற்றுங்கள், சுவரில் இருந்து அரை அடி தள்ளி வையுங்கள், பின்பக்கத் தூசியைத் தட்டுங்கள். பழுதாகும்போது நல்லதாக வாங்கலாம். ஒன்று மட்டும்: புதியது வந்த பிறகு பழையதை வராந்தாவில் வைத்துத் தண்ணீர் போத்தலும் ஐஸ் பக்கெட்டும் அடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படியானால் மிச்சம் ஒன்றுமில்லை, 21 யூனிட் கூடியதுதான்.

சோலார்: எவ்வளவு போடுவது என்பதுதான் கேள்வி

மட்டக்களப்பு வெயிலில் ஒரு கிலோவாட் பெனல் ஆண்டுச் சராசரியாக மாதம் 110 முதல் 120 யூனிட் வரை தரும். பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை இதற்கு மேலும் வரும். மாரி பிடித்து வாடைக்காற்றோடு நாட்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும் கார்த்திகை, மார்கழியில் நன்றாக இறங்கிவிடும். அதனால் ஓகஸ்ட் மாத எண்ணைக் காட்டி ஆண்டுக் கணக்குச் சொல்லும் விற்பனையாளரிடம் டிசம்பர் எண்ணையும் கேளுங்கள்.

நமது 156 யூனிட் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவாட் தாராளம். ஃபேனை முதலில் மாற்றினால் ஒரு கிலோவாட்டே சமாளிக்கும், அதுவும் 60 சதுர அடிக் கூரையில் அடங்கிவிடும். ஆனால் சந்தையில் பேச்சு ஐந்து கிலோவாட்டில் தொடங்குகிறது. மிச்சத்தை மின்சார சபைக்கு விற்கலாம் என்பது காரணம். 2016 இல் கூரைச் சோலாருக்கான அரசின் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கியபோது விற்கிற யூனிட்டுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபாயும் அதற்குப் பின் 15.50 ரூபாயும் கொடுத்தார்கள். பிறகு விலை பல தடவை ஏறியும் இறங்கியும் விட்டது. கையெழுத்திடும் நாளில் என்ன விலை, எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் சம்பாதிக்கப் பெரிதாகப் போடுவது ஒரு முதலீடு. அது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை.

காபன் பக்கம் பார்த்தால் பகல் சோலார் வீண் என்று நான் சொல்லவில்லை. சாதாரண வேலைநாளில் நன்பகல் சோலார் வரும்போது மலைநாட்டு அணைகளில் தண்ணீரைத் தேக்கி வைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் இரவு ஏழு மணிக்கு எண்ணெய்க்குப் பதிலாக விழுகிறது. ஆகவே உங்கள் கூரை யூனிட் கொத்மலையில் சேமிப்பாகிறது என்றுகூடச் சொல்லலாம். ஞாயிறு, போயா, புத்தாண்டு போன்ற நாட்களில்தான் மிதமிஞ்சியது வீணாகும் நிலை வருகிறது. பகலிலேயே வீட்டுக்குள் செலவாகும் சோலாருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. மோட்டரை மதியம் போட்டு மேல் தாங்கியை நிரப்புவது, அயன் பண்ணுவதையும் துவைக்கும் மெஷினையும் பகலுக்குத் தள்ளுவது, இவை ஒரு சதமும் செலவில்லாத மாற்றங்கள். சோலார் இல்லாத வீடும் இதைச் செய்யலாம், செய்தால் உச்ச நேரச் சுமை குறையும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்பு மாதத்தில் சஹருக்காகச் சாமம் நாலு மணிக்குக் குசினி விழித்துவிடும். அதைப் பகலுக்குத் தள்ள யாராலும் முடியாதுதான்.

பெனல்கள் பெரும்பாலும் சீனாவில் இருந்து வருகின்றன, அங்கே நிலக்கரியில் செய்தவை. அதற்காகத் தயங்க வேண்டியதில்லை. செய்யச் செலவான சக்தியை நம் வெயிலில் ஒன்றிரண்டு ஆண்டில் திருப்பித் தந்துவிடும். ஆயுள் 25 வருடம். எனக்கு உள்ள கவலை வேறு. எழுவான்கரையில், கல்லடியில் இருந்து கல்முனை வரை, உப்புக்காற்று இரும்பை அரிக்கிறது. தாங்கிச் சட்டம் அலுமினியமாகவும் ஆணி நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்த ஊர் இது. சட்டத்தைக் கூரையின் மரத்தோடு எப்படிப் பிணைக்கிறார்கள் என்று மேலே ஏறிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். வயல் அருகே இருப்பவர்களுக்குச் சூடடிக்கும் காலத்துத் தூசி உண்டு. காலையில் பெனல் சுடுவதற்கு முன் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும்.

கரண்ட் போனால் சோலார் வீட்டுக்கு எரியும் என்று நினைத்து வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது, பற்றரி இல்லாத சோலார் வீடுகள் கொளுத்தும் வெயிலிலும் ஃபேன் இல்லாமல் கிடந்தன. லைனில் வேலை செய்பவருக்கு அதிர்ச்சி படக்கூடாது என்பதற்காக, பெனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். அது பழுது இல்லை, பாதுகாப்பு. இருட்டுக்கும் வேண்டும் என்றால் பற்றரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் லிதியம் பற்றரியும் வேண்டும். செலவு எகிறும். ஆனால் நன்பகல் யூனிட்டை ஏழு மணிக்குக் கொண்டுபோகும் ஒரே வழி வீட்டளவில் அதுதான். சிறிய பெனல், சிறிய பற்றரி என்ற சேர்க்கை பெரிய பெனல் மட்டும் போடுவதை விடக் காபனுக்கு நேர்மையானது என்பது என் அபிப்பிராயம். பெற்றோல் ஜெனரேட்டர் பற்றி ஒரு வரி போதும்: ஒரு லீற்றர் எரித்தால் 2.3 கிலோ புகை, கிடைப்பது இரண்டு யூனிட் அளவு. நிலக்கரியை விட மோசம்.

ஏசியில் பில் காட்டாத ஒன்று

ஆனி, ஆடியில் கச்சான் மேற்கில் இருந்து அடுப்பு மூச்சாக வீசும்போது ஏசி வேண்டாம் என்று யாருக்கும் உபதேசம் செய்ய முடியாது. கடலோரத்தில் பின்னேரம் கடற்காற்று இறங்கும். செங்கலடிக்கும் வவுணதீவுக்கும் அந்தக் கொடுப்பினை குறைவு. 12,000 பிடியு (குளிராக்கும் திறனின் அளவு) சாதாரண ஏசி இரவு எட்டு மணித்தியாலத்துக்கு ஆறு யூனிட் போல எடுக்கும். இன்வேர்ட்டர் ஏசி மூன்றரை, நாலு. நல்லது என்று சொல்லப்படுவதை வாங்கினாலும் மாதம் 110 யூனிட், எல்லாம் இரவில். வீட்டின் பாவனை முக்கால் பங்கு கூடிவிடுகிறது. 180 யூனிட்டைத் தாண்டி மிக விலை உயர்ந்த கட்டணப் படிக்கும் ஏறிவிடுகிறது. மூன்று ஃபேனில் மிச்சம் பிடித்ததை ஒரு ஏசி இரண்டரை மடங்காகத் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

மீற்றரில் தெரியாதது உள்ளே இருக்கும், அறையைக் குளிராக்க உதவும் கேஸ். பழைய ஏசிகளில் ஆர்-22, பின்பு வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது ஆர்-32. ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் கலந்தால் 2,088 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஆர்-32 என்றால் 675. சிறிய ஏசியில் முக்கால் கிலோ அளவு இருக்கும். 410ஏ முழுதும் கசிந்தால் நமது மாதிரி வீட்டின் ஒன்றரை வருடத்து மின்பாவனைக்கு மேலான புகை, அதுவும் ஒரே பின்னேரத்தில். அதனால் ஏசி வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஆர்-32 என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு வருடமும் கேஸ் நிரப்ப வேண்டும் என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். ஏசி கேஸைக் குடிப்பதில்லை. குறைகிறது என்றால் கசிவு இருக்கிறது, முதலில் அதை அடைக்க வேண்டும்.

ஏசிக்கு முன் கூரையைப் பாருங்கள். சீற் கூரைக்குக் கீழ் சீலிங் இல்லாத அறையைக் குளிராக்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுவது. சீலிங் அடித்து, சீற்றுக்கு வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சுப் பூசி, மேற்கு ஜன்னலுக்கு ஒரு தட்டியோ மரமோ கொடுத்தால் பல வீடுகளில் ஃபேனோடு சமாளிக்கலாம். பெனல் போட்ட கூரைக்கு அந்த நிழலும் இலவசம்.

கேஸா, கரண்ட் அடுப்பா?

இதில் விடை நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் மூன்று கிலோ காபனீரொட்சைட்டு, 12.5 கிலோ சிலிண்டர் முடியும்போது 37 கிலோ. அதே சமையலை இன்டக்‌ஷன் அடுப்பில் செய்ய நூறு யூனிட் அளவு வேண்டும். சராசரிக் கணக்கில் 50 கிலோ. அதாவது இன்றைய நிலையில் கேஸ்தான் புகை குறைந்தது. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கரண்ட் அடுப்பில் வைத்தால் இடைவெளி இன்னும் கூடலாம். ஆனால் கூரையில் சோலார் இருந்து, சோறு கறியைப் பகலில் ஆக்கினால் அந்த நூறு யூனிட்டுக்கும் நாலு கிலோதான். ஒரே அடுப்பு, சமைக்கும் நேரத்தைப் பொறுத்துப் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். மண்சட்டியும் அலுமினியச் சட்டியும் இன்டக்‌ஷனில் சூடேறாது என்பதையும் மீன்குழம்பு வைக்கும் வீடுகள் யோசிக்க வேண்டும். கேஸுக்கு வரிசையில் நின்ற 2022 இன் நினைவில் கரண்ட் அடுப்பு வாங்கியவர்கள் அதைப் பகலுக்கும் கேஸை இரவுக்கும் வைத்துக்கொள்ளலாம். சிரட்டை, பாளை, மட்டை தாராளமாகக் கிடைக்கும் படுவான்கரை வீட்டில் விறகடுப்பின் காபன் பெரிய விஷயம் இல்லை. அங்கே பிரச்சினை சமைப்பவரின் நெஞ்சுக்குள் போகும் புகை. புகைபோக்கி கட்டுங்கள்.

காசுப் பக்கம் நீங்களே வகுத்துப் பார்க்கலாம், விலைகள் நிற்காமல் மாறுகின்றன. ஒவ்வொன்றின் முழு விலையையும் அது மாதத்தில் மிச்சப்படுத்தும் அல்லது உற்பத்தி செய்யும் யூனிட்டால் வகுங்கள். ஃபேனும் சோலாரும் அநேகமாக அருகருகே வரும். அப்போது நான் ஃபேனுக்குச் சாய்வேன், அது இரவு யூனிட் என்பதால். ஃபேன் மாற்றிய வீட்டுக்குத் தேவையான சோலாரும் சிறியது என்பதால். அதன்பின் கூரைச் சூடு, அதன்பின் பாவனைக்கு அளவான சோலார், காசு மிஞ்சினால் பற்றரி. ஏற்கனவே ஏசி ஓடும் வீடு மட்டும் இந்த வரிசையை மாற்றலாம்: முதலில் கூரை, பிறகு மற்றவை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சோலார் பேச்சே எழாது. ஆனால் ஃபேனைக் கழற்றிக்கொண்டு போகலாம், எல்ஈடி பல்புகளையும்தான். ஏசியையும் கழற்றுவீர்கள் என்றால், வால்வை மூடி கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துவிட்டுக் கழற்றும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பத்து நிமிடத்து வேலை. குழாயைத் திருகிச் சீறவிடும் சத்தம் கேட்டால் அவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.